உப்பளத்தில் உழைத்தவர் மக்கள் கவிஞர் ஆனார்!

ஏர் பிடித்தார். மாடு மேய்த்தார். உப்பளத்தில் கூலி வேலை செய்தார். மாம்பழம் விற்றார். முறுக்கு விற்றார்.

பிறகு பாட்டு எழுதினார். அந்தப் பாட்டுகளைத் தமிழ்நாடே பாடியது!

அவர்தான் மக்கள் கவிஞர் பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம். 29 வயது வரைதான் வாழ்ந்தார். சினிமாவுக்குப் பாட்டு எழுதியதோ சில ஆண்டுகளே. அதற்குள் அழியாத புகழைத் தேடிக்கொண்டார்.

பாட்டுக் கட்டிய குடும்பம்

தஞ்சை மாவட்டம் பட்டுக்கோட்டைக்கு அருகே செங்கப்படுத்தான்காடு என்று ஒரு சிற்றூர். அங்கே 13-4-1930 அன்று கல்யாணசுந்தரம் பிறந்தார். தந்தை அருணாசலம் பிள்ளை. தாயார் விசாலாட்சி. எளிய விவசாயக் குடும்பம்.

பணம் இல்லை. ஆனால் பாட்டு இருந்தது. தந்தை பாட்டுக் கட்டுவதில் வல்லவர். "முசுகுந்த நாட்டு வழிநடைக் கும்மி" என்ற நூலை எழுதியவர். அண்ணன் கணபதிசுந்தரமும் கவி பாடக்கூடியவர்.

கல்யாணசுந்தரத்தின் பள்ளிப் படிப்பு தொடக்க வகுப்போடு நின்றுவிட்டது. மீதிப் பாடங்களை வயல் சொல்லிக்கொடுத்தது. நடவுப் பாட்டும் கும்மியும் தெம்மாங்கும் அவருக்குக் காதிலேயே பாடமாயின.

மீன் குஞ்சுக்கு ஒரு பாட்டு

பதினைந்து, பதினாறு வயது இருக்கும். ஒருநாள் வயலைப் பார்த்துவிட்டு வந்தவர், நீர்க்கரையில் மர நிழலில் உட்கார்ந்தார். தண்ணீரில் சிறிய கெண்டை மீன் ஒன்று துள்ளி விளையாடியது.

அதைப் பார்த்ததும் அவருக்கு மகிழ்ச்சி வந்தது. கூடவே பயமும் வந்தது. தூண்டில்காரன் வந்தால் இதன் கதி என்ன ஆகும்? ஓடித் தப்பித்துக்கொள் என்று மீனுக்குப் புத்தி சொல்லி ஒரு பாட்டுப் பாடினார்.

சிறியவர்கள் ஏமாந்து போகக்கூடாது. இந்தக் கவலை அவரைக் கடைசிவரை விடவில்லை.

பதினேழு தொழில்கள்

வயிற்றுப் பாட்டுக்காக அவர் செய்யாத வேலை இல்லை. மாட்டு வியாபாரம் செய்தார். இட்லி விற்றார். தேங்காயும் கீற்றும் விற்றார். மீனும் நண்டும் பிடித்தார். தண்ணீர் வண்டி ஓட்டினார். மிஷின் டிரைவராகவும் இருந்தார். பாடகர், நடனக்காரர், நடிகர் என்று இவற்றையும் சேர்த்தால் மொத்தம் பதினேழு தொழில்கள்!

அந்த நாளில் தஞ்சை மாவட்டத்தில் பண்ணையாட்களின் நிலை பரிதாபமாக இருந்தது. பாடுபட்டு விளைவிப்பவர் வீட்டில் உலை கொதிக்காது. கல்யாணசுந்தரம் விவசாயிகள் சங்கத்தில் சேர்ந்து உழைத்தார். பொதுவுடைமைக் கொள்கை அவர் மனத்தில் வேரூன்றியது.

நாடக மேடையில்

நடிப்பு ஆசை அவரைச் சக்தி நாடக சபாவுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது. பிறகு புதுச்சேரிக்குச் சென்று பாவேந்தர் பாரதிதாசனிடம் தொண்டாற்றினார். பாவேந்தரை ஆசானாகக் கொண்டு தமிழ் பயின்றார்.

1954-ல் "கண்ணின் மணிகள்" என்ற நாடகத்துக்குப் பாட்டு எழுதினார். திண்டுக்கல்லில் நடந்த விவசாயிகள் மாநாட்டில் அந்த நாடகம் நடந்தது. உழவர்கள் பாட்டைக் கேட்டுச் சொக்கிப்போனார்கள். எல்லாம் அவர்கள் பேசுகிற சொற்கள். அவர்கள் படுகிற கஷ்டங்கள்!

சினிமா கதவு திறந்தது

சென்னைக்கு வந்தார். நண்பர்களோடு ஒரு சிறு அறையில் தங்கி, சந்தர்ப்பம் தேடி அலைந்தார்.

1955-ல் வெளிவந்த "மகேஸ்வரி" படத்தில் அவருடைய பாட்டுகள் இடம்பெற்றன. அடுத்த ஆண்டு "பாசவலை" வந்தது. விஸ்வநாதன்-ராமமூர்த்தி இசை. புது ஆள் என்று விஸ்வநாதன் முதலில் தயங்கினார். பாட்டைப் படித்ததும் தயக்கம் பறந்துவிட்டது. கண்ணில் பட்டதையெல்லாம் தனக்கே சொந்தம் என்று நினைக்கும் மனிதனைக் கேலி செய்யும் பாட்டு அது.

அதன்பிறகு வாய்ப்புகள் குவிந்தன. 1958-ல் எம்.ஜி.ஆரின் "நாடோடி மன்னன்" வந்தது. அதில் ஓர் உழவனும் அவன் மனைவியும் பாடும் பாட்டு உண்டு. இவ்வளவு விளைந்தும் நமக்கு என்ன மிச்சம் என்று அந்தப் பாட்டு கேட்டது.

அது தஞ்சைக்கு மட்டும் உரிய கேள்வி அல்ல. காவிரித் தண்ணீரை நம்பிய தஞ்சை உழவனுக்கும், ஏரித் தண்ணீரை நம்பிய திருவண்ணாமலை வேங்கிக்கால் உழவனுக்கும் அது பொதுவான கேள்வி. படிக்கத் தெரியாதவர்களுக்கும் பாட்டு புரிந்தது. பாட்டின் வழியே நியாயமும் புரிந்தது.

1959-ல் ஸ்ரீதரின் "கல்யாணப் பரிசு" வெளியாயிற்று. ஏ.எம்.ராஜா இசையமைத்தார். எல்லாப் பாட்டுகளையும் எழுதியவர் கல்யாணசுந்தரமே. தொழிலாளியின் கஷ்டத்தை எழுதிய பேனா, காதலையும் பிரிவையும் அதே எளிமையோடு எழுதிக் காட்டியது.

இடி விழுந்தது

1957-ல் அவருக்குத் திருமணம் நடந்தது. பாவேந்தர் பாரதிதாசன் முன்னின்று நடத்தி வைத்தார். 1959-ல் ஆண் குழந்தை பிறந்தது. வறுமை போய் நல்ல காலம் வந்துவிட்டது என்று குடும்பமே மகிழ்ந்தது.

ஆனால் அந்த மகிழ்ச்சி நீடிக்கவில்லை. திடீரென்று நோய் தாக்கியது. 8-10-1959 அன்று சென்னையில் கல்யாணசுந்தரம் காலமானார். இளம் மனைவியும் கைக்குழந்தையும் தவித்து நின்றார்கள். தமிழ்நாடே கண்ணீர் வடித்தது.

மறைந்த பின்னும் ஒலித்த குரல்

அவர் மறைந்த பிறகும் அவருடைய பாட்டுகள் புதிய படங்களில் வந்துகொண்டே இருந்தன. 1960-ல் வந்த "இரும்புத்திரை"யில், வாங்கிய சம்பளம் வந்த வேகத்தில் கரைந்துபோவதைத் தொழிலாளி பாடினான். 1961-ல் "திருடாதே" படப் பாட்டு, திருட்டை ஒழிக்கத் திருடனே திருந்தவேண்டும் என்று குழந்தைக்குச் சொன்னது. அதே ஆண்டில் வந்த "அரசிளங்குமரி" பாட்டு, பேய்க் கதைகளை நம்பிப் பயப்படாதே என்று சிறுவனுக்குத் தைரியம் ஊட்டியது.

அன்று மீன் குஞ்சுக்குச் சொன்ன அதே புத்திமதி! இப்போது நாட்டுப் பிள்ளைகளுக்கெல்லாம் கிடைத்தது.

எம்.ஜி.ஆர். 1977-ல் முதல்-அமைச்சர் ஆனார். தம்முடைய நாற்காலியைத் தாங்கும் கால்களில் ஒன்று பட்டுக்கோட்டையாரின் பாட்டு என்று அவர் மனம் திறந்து போற்றினார். 1981-ல் தமிழக அரசு, மறைந்த கவிஞருக்குப் பாரதிதாசன் விருது வழங்கிச் சிறப்பித்தது. 1993-ல் அவருடைய பாடல்கள் நாட்டுடைமை ஆக்கப்பட்டன. பட்டுக்கோட்டையில் அவருக்கு மணிமண்டபமும் எழுந்தது.

பெரிய படிப்பு இல்லை. பணமும் இல்லை. உழைத்துக் காய்த்துப்போன கைதான் அவருக்கு மூலதனம். உழைப்பவர்களின் வாழ்க்கையை உழைப்பவர்களின் சொல்லிலேயே பாடினார். அதனால்தான், அரசாங்கம் நாட்டுடைமை ஆக்குவதற்கு முன்பே அவருடைய பாட்டுகளை மக்கள் தங்கள் உடைமை ஆக்கிக்கொண்டார்கள்!