தொர்க்கெமாதா என்னும் புதிர்ப் புலவர்

புலமையை விளையாட்டிற் செலவிடுதல் தகுமா என்னும் வினா நம்மிடையே பழையது. சித்திரகவி பாடியோரை மெச்சியவரும் உளர். கவித்துவம் வற்றியோர் காட்டும் வித்தை அது என்று ஒதுக்கியவரும் உளர். அணியிலக்கணம் கற்பிக்கும் என்னிடம் மாணவர் இவ்வினாவை ஆண்டுதோறும் எழுப்புவர். அப்பொழுது யான் எடுத்துரைக்கும் வாழ்க்கை ஒரு தமிழ்ப் புலவருடையது அன்று. எட்வேட் போவிஸ் மாதேர்ஸ் என்னும் ஆங்கிலேயருடையது. குறுக்கெழுத்துப் புதிரைச் சொல்லாடற் கலையாக உயர்த்தியவர்களுள் அவர் தலையாயவர்.

மாதேர்ஸ் 1892 ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரிற் பிறந்தார். ஒக்ஸ்போட் பல்கலைக்கழகத்திற் பயின்றார். அவருக்கு முதலிற் பெயர் தேடித் தந்தது மொழிபெயர்ப்பு. காசுமீரத்துக் கவி பில்கணனின் ஐம்பது காதற் செய்யுள்களைத் தழுவி அவர் ஆக்கிய நூல், கருஞ்சாமந்திகள் என்று பொருள்படும் பெயருடன் 1919 இல் வெளிவந்தது. அரசிளங்குமரிக்கு ஆசிரியனாய்ச் சென்று, அவள் காதலனாகி, கொலைத்தண்டம் பெற்று நிற்கும் கவியின் கதை நமக்குப் புதியதன்று. பாரதிதாசனின் புரட்சிக்கவி பிறந்ததும் அக்கதையிலிருந்தே அன்றோ? மாதேர்சின் நூலை அமெரிக்க நாவலாசிரியர் ஜோன் ஸ்ரைன்பெக் 1945 இல் தம் நாவல் ஒன்றின் இறுதியில் எடுத்தாண்டார். ஆயிரத்தோர் இரவுகளின் கதைகளையும் மார்த்ருசின் பிரெஞ்சு மொழிபெயர்ப்பிலிருந்து 1923 இல் ஆங்கிலத்துக்குக் கொணர்ந்தார் மாதேர்ஸ். இத்தகைய இலக்கியவாணரே புதிரின் பக்கம் திரும்பினார்.

குறுக்கெழுத்துப் புதிர் 1913 இல் நியூயோர்க் நகரத்துப் பத்திரிகை ஒன்றில் ஆதர் வின் என்பவராற் பிறந்தது. அதன் குறிப்புகள் அகராதி போன்றன. பொருளைச் சொல்லும், சொல்லைக் கேட்கும். 1924 இல் அது இங்கிலாந்துப் பத்திரிகைகளிற் புகுந்து மக்களை மயக்கியது. மாதேர்சுக்கோ அந்த எளிமை சுவைக்கவில்லை. 1925 இல் தாமே புதிர் இயற்றத் தொடங்கினார். 1926 இல் ஒப்சேவர் என்னும் ஞாயிறு இதழ் அவருக்கு இடந்தந்தது. அங்கே அவர் சூடிக்கொண்ட புனைபெயர் தொர்க்கெமாதா. பதினைந்தாம் நூற்றாண்டில் இசுப்பானியாவிலே சமய விசாரணை மன்றத்துத் தலைவனாய் இருந்து மக்களை வதைத்தவன் பெயர் அது. வாசகரை வதைக்கப் போகிறேன் என்று முன்னரே சொல்லிவிட்டார் என்க.

அவர் வதைத்த முறை யாது? ஆங்கில எடுத்துக்காட்டுகள் தமிழில் நில்லா. ஆதலால் யானே ஒன்று அமைத்துக் காட்டுகிறேன். தலையிழந்த கவிதை மண்ணில் முளைக்கும்: இது குறிப்பு, விடை இரண்டு எழுத்து. படிப்பவர், அடக்குமுறைக்கு இரையாகியும் மீண்டெழும் பாட்டை நினைப்பார். அந்நினைவே பொறி. கவிதை என்னும் சொல்லின் தலையெழுத்தை நீக்குக, எஞ்சுவது விதை. அது மண்ணில் முளைக்கும். மேலே ஒரு பொருள் ஓடுகிறது. உள்ளே மற்றொரு பொருள் மறைந்துள்ளது. எழுத்தைக் களைதல், சேர்த்தல், மாற்றியடுக்கல், தொடருக்குள் ஒரு சொல்லை ஒளித்தல், ஒரு சொல்லின் இரு பொருளையும் அடுத்தடுத்து நிறுத்தல் முதலியன இக்கலையின் கருவிகள். சிலேடையும் எழுத்துவருத்தனமும் கரந்துறைச்செய்யுளும் கற்றவர்க்கு இவை அந்நியமாகத் தோன்றா. இரு நாட்டாரும் ஒருவரையொருவர் அறியாமலே சொல்லின் உள்ளறைகளைத் திறந்து பார்த்திருக்கின்றனர்.

தொர்க்கெமாதா தம் புதிரைத் தனியே செய்தாரல்லர். அவர் சொற்களைத் தெரிந்து கொடுப்பார்; மனைவியார் றொசமண்ட் அவற்றைக் கட்டங்களிற் பொருத்துவார்; பின்னர் அவர் குறிப்புகளை எழுதுவார். கறுப்புக் கட்டங்களை விடுத்துத் தடித்த கோடுகளாற் சொற்களைப் பிரிக்கும் அமைப்பைக் கையாண்டார். இவ்வாறு ஏறத்தாழப் பதின்மூன்று ஆண்டுகளில் அவர் ஒப்சேவர் இதழுக்கு அளித்த புதிர்கள் 670.

அவர் துணிவின் உச்சம் 1934 இல் வெளிவந்தது. காயீனின் தாடையெலும்பு என்னும் பொருளுடைய துப்பறியும் கதை அது. நூறு பக்கம், பக்கங்கள் வரிசை குலைந்து அச்சிடப்பட்டன. வாசகர் அவற்றை முறைப்படுத்திக் கொலையுண்டார் அறுவரையும் கொன்றாரையும் கண்டறிதல் வேண்டும். அக்காலத்தில் இருவர் மட்டுமே விடை கண்டனர். 2019 இல் மறுபதிப்பு வந்தபின், 2020 இல் ஜோன் பின்னிமோர் என்னும் நாடக எழுத்தாளர் அதனை விடுவித்தார்.

1939 பெப்ரவரியில், 46 வயதில், மாதேர்ஸ் மறைந்தார்.

இனி, அவரிடம் குறையே இல்லையா? உண்டு. அவருடைய குறிப்புகளுட் சில விடையின் பொருளைத் திட்டமாகச் சுட்டா, ஊகத்துக்கு விட்டுவிடும். அவர் இடத்துக்கு வந்தவர் டெரிக் மக்நட். கிரேக்கமும் இலத்தீனும் கற்பித்த பாடசாலை ஆசிரியர். சிமெனிஸ் என்னும் மற்றொரு விசாரணைத் தலைவனின் பெயரைப் பூண்டவர். முன்னவரைப் போற்றிய இவ்வாசிரியரே, முன்னவர் விட்ட இடைவெளியை அடைத்தார். 1966 இல் அவர் எழுதிய நூல் இக்கலைக்கு இலக்கணமாயிற்று. அந்நெறியின் சாரம் இது: குறிப்பிலே விடையின் பொருள் பிழையின்றி இருத்தல் வேண்டும், அச்சொல்லை அமைக்கும் வழியும் நேர்மையாகக் கூறப்படல் வேண்டும், இவ்விரண்டுக்கும் உதவாத சொல் ஒன்றும் இருத்தலாகாது. மயக்கலாம், பொய்கூறல் ஆகாது. இலக்கியம் முந்த, இலக்கணம் பிந்தியது. இதுவும் நாம் அறிந்த முறையே. 1971 இல் மக்நட் மறைந்தார். அடுத்த ஆண்டில் அவ்விடத்தை ஏற்றவர் அசெட் என்னும் புனைபெயர் கொண்டார். டெசா என்னும் விசாரணைத் தலைவனின் பெயரை ஆங்கில எழுத்தில் தலைகீழாக்கினால் வருவது அது!

மாணவர் வினாவுக்கு யான் கூறும் விடை இவ்விரு வாழ்க்கைகளுக்கும் இடையில் உள்ளது. கடினம் தன்னளவிற் குற்றமுமன்று, சிறப்புமன்று. விடை தெரிந்தபின் வாசகர், எல்லாம் என் கண்முன்னே இருந்தனவே என்று தம்மைத்தாம் கடிந்து நகைப்பாராயின் அது கலை. விடை தெரிந்த பின்னும் விளங்காது விழிப்பாராயின் அது வெறும் வதை. நல்ல புதிராசிரியன் ஒளிப்பதெல்லாம் கண்டுபிடிக்கப்படுதற்கே. நல்ல வினாத்தாள் ஆக்கும் ஆசிரியனும், சிலேடை பாடும் புலவனும் அவ்வாறே.

காதற் செய்யுளை மொழிபெயர்த்த அதே கை புதிரையும் இயற்றியது. சொல் ஒவ்வொன்றையும் நிறுத்துப் பார்த்து, அதன் ஒலியையும் எழுத்தையும் பொருளையும் விரும்பிய மனம் ஒன்றே இரண்டிலும் தொழிற்பட்டது. புலமை அங்கே வீணாகவில்லை. ஞாயிறுதோறும் பலரைச் சொல்லின்முன் பொறுமையோடு அமரச் செய்தது.