கண்ணாடி வீட்டு அம்மையார்

ஜூலியா மார்கரெட் கேமரன் அம்மையார் முதன்முதலாக நிழற்படக் கருவியைத் தொட்டு ஆளத் தொடங்கியபோது அவருக்கு வயது 48. 1863 டிசம்பரில் மகளும் மருமகனும் அளித்த பரிசு அது. கணவர் சார்லஸ் ஹே கேமரன் இலங்கையிலிருந்த தம் காப்பித் தோட்டங்களைப் பார்வையிடச் சென்றிருந்தார். தனிமைக்குத் துணையாக வந்த அந்தப் பெட்டி அம்மையாரின் எஞ்சிய வாழ்நாளையே எடுத்துக்கொண்டது.

1815இல் கல்கத்தாவில் பிறந்தவர் அவர். தந்தை கம்பெனி அரசின் அதிகாரி. 1838இல் அந்நகரிலேயே மணம் நிகழ்ந்தது. பின்னர் இங்கிலாந்து சென்ற குடும்பம் 1860இல் வைட் தீவின் ஃப்ரெஷ்வாட்டரில் குடியேறியது. அவ்வீட்டுக்கு இட்ட பெயர் டிம்போலா. இலங்கைத் தோட்டத்தின் பெயர்தான்.

கரி அறை இருட்டறையாயிற்று. கோழிக் கூண்டு கண்ணாடி வேய்ந்த படநிலையமாயிற்று. அக்காலத்துப் படக்கலை எளிதன்று. கண்ணாடித் தகட்டில் கொலோடியன் பூசி, வெள்ளி நைட்ரேட்டில் தோய்த்து, ஈரம் உலருமுன் படமெடுத்துக் கழுவியாக வேண்டும். அமர்ந்தவர் நிமிடக்கணக்கில் அசையாதிருக்க வேண்டும். வெள்ளிக் கரைசல் பட்ட அம்மையாரின் விரல்கள் கறுத்தே கிடந்தன. அண்டை வீட்டுக் கவிஞர் டென்னிசனும், கோடையைக் கழிக்க வந்த டார்வினும் அந்த இருக்கையில் அமர்ந்தனர். வானியலறிஞர் ஹெர்ஷலைப் படமெடுக்க அவர் இல்லத்துக்கே சென்று, வெண்முடியைக் கழுவிக் கலைத்துவிடச் செய்தாராம். வீட்டுப் பணிப்பெண் மேரி ஹில்லியர் எத்தனையோ படங்களில் கன்னி மரியாளானாள்.

படத்தொழிலில் தேர்ந்த ஆடவர் பலர் நகைத்தனர். உருவம் கூர்மையாக இல்லை, தகட்டில் கீறல், விரற்சுவடு, தூசி என்றெல்லாம் குறை கூறினர். குறைகள் உண்மையே. ஆயினும் கூர்மையின்மை கைத்தவறு மட்டுமன்று. தம் கண்ணுக்கு அழகு தோன்றிய இடத்தில் வில்லையை நிறுத்தியவர் அவர். முகத்தின் ஒரு பாதியை இருளுக்குக் கொடுத்துவிடும் துணிவு அந்நாளில் வேறு எவரிடம் இருந்தது?

பலகை மாட்டிக் கூலிக்குப் படமெடுத்தவரல்லர். எனினும் வருவாய் வேண்டியிருந்தது. படங்களுக்கு முறைப்படி உரிமை பதிந்தார். லண்டனில் கோல்நாகி நிறுவனத்தின் வழியே விற்றார். 1865இல் சவுத் கென்சிங்டன் அருங்காட்சியகம் அவர் படங்களை வாங்கிற்று. செலவோ வரவை விழுங்கியது. குடும்பத்தைத் தாங்கியது இலங்கைக் காப்பி. தமிழ்நாட்டிலிருந்து கடல் கடந்து சென்ற கூலி மக்கள் உழைத்த மலைத்தோட்டங்களின் வருவாயில்தான் அந்தக் கண்ணாடி வீடும் நின்றது என்பதை அவருடைய வரலாற்றைச் சொல்வோர் விரைந்து கடந்துவிடுகின்றனர்.

அந்தக் காப்பியையும் இலைநோய் பற்றியது. 1875இல் தம்பதியர் இலங்கைக்கே பெயர்ந்தனர். களுத்துறையில் கடலோர வீடு. அங்கும் கருவி ஓய்வுபெறவில்லை. ஆனால் அந்நாளைய படங்களில் முப்பதுகூட எஞ்சவில்லை. பணிப்பெண் மேரியின் பெயரை நாம் அறிவோம். 1878இல் எடுத்த ஒரு படத்தில் நின்று நேரே நம்மை நோக்குபவர்களுக்குக் களுத்துறைக் குடியானவர்கள் என்பதே தலைப்பு, பெயர்கள் இல்லை. டென்னிசனுக்குக் காட்டிய அதே பொறுமையை அவர்களுக்கும் காட்டியவர், பெயரை மட்டும் கேட்டெழுதவில்லை.

1879 ஜனவரி 26ஆம் நாள் மலைநாட்டில் டிக்கோயாப் பகுதித் தோட்டமொன்றில் அம்மையார் மறைந்தார். பொகவந்தலாவைத் தேவாலயத்தில் அடக்கம் நிகழ்ந்தது. மறு ஆண்டு கணவரும் அருகிலேயே இடம் பெற்றார்.