கடன் வாங்கி கார் வாங்கினார்... ஓட்டாமல் கழற்றிப் போட்டார்!

புது கார் வாங்கினால் நாமெல்லாம் என்ன செய்வோம்? சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிவிட்டு, குடும்பத்தோடு ஒரு ரவுண்டு போவோம். வால்டர் கிறைஸ்லர் அப்படிச் செய்யவில்லை. காரைக் கொட்டகைக்குள் தள்ளி, நட்டு நட்டாகக் கழற்றினார்.

வருடம் 1908. அமெரிக்காவின் அயோவா மாகாணத்தில் ஓல்வைன் என்ற சின்ன ஊர். அங்கே ரயில்வே பணிமனையில் கிறைஸ்லருக்குப் பெரிய பொறுப்பு, மாதம் 350 டாலர் சம்பளம். சிகாகோவில் நடந்த கார் கண்காட்சிக்குப் போனவர், ஒரு லோகோமொபைல் காரைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார். வெள்ளை நிற வண்டி, உள்ளே சிவப்பு சீட். விலை 5,000 டாலர். கையிலிருந்த சேமிப்போ வெறும் 700. மீதி 4,300-க்கும் வங்கிக் கடன். கடன் மட்டுமே ஒரு வருடச் சம்பளத்தைத் தாண்டிவிட்டது! வீட்டில் மனைவி டெல்லாவும் இரண்டு பெண் குழந்தைகளும். இதில் இன்னொரு கூத்து, மனுஷனுக்குக் கார் ஓட்டவே தெரியாது.

ரயிலில் வந்து இறங்கிய காரைக் குதிரைகள் கட்டி வீட்டுக்கு இழுத்து வந்தார்கள். அதன்பிறகு சுமார் மூன்று மாதம் அது தெருவைப் பார்க்கவில்லை. ஒவ்வொரு பாகத்தையும் கழற்றுவார், படம் வரைந்து பார்ப்பார், திரும்பப் பூட்டுவார். மறுபடியும் கழற்றுவார். எப்போது வெளியே கூட்டிப்போவார் என்று டெல்லா காத்திருந்ததுதான் மிச்சம். (நம்ம வீடாக இருந்தால் பூகம்பமே வந்திருக்கும்!) ஒருவழியாக ஓட்டிப் பார்த்த அன்று, கார் பக்கத்து வீட்டுத் தோட்டத்தில் போய்ச் சிக்கிக்கொண்டது. மீட்டது? மறுபடியும் குதிரைகள்தான்.

இந்தக் கிறுக்கு புதுசு இல்லை. கான்சஸ் மாகாணத்தில் ரயில் இன்ஜின் டிரைவரின் மகனாக 1875-ல் பிறந்தவர் அவர். ரயில் பணிமனையில் தரை கூட்டும் வேலைக்கு மணிக்கு 10 சென்ட் கூலி. மெக்கானிக் வேலை கற்க அப்ரன்டிஸாகச் சேர்ந்தபோது அது பாதியானது. சந்தோஷமாகச் சேர்ந்தார். கருவிகள் வாங்கக் காசில்லாமல் பலவற்றைத் தானே செய்துகொண்டார்.

1912-ல் அதே கதை. ரயில் இன்ஜின் கம்பெனியில் வருடம் 12,000 டாலர் வாங்கிக்கொண்டிருந்தவர், ப்யூக் கார் தொழிற்சாலைக்குப் போவதற்காக 6,000-க்குச் சம்மதித்தார். கொட்டகையில் அந்த லோகோமொபைலை மேய்ந்த கை சும்மா இருக்குமா? சில வருடங்களிலேயே ப்யூக்கின் தலைவர் ஆகிவிட்டார்.

1924-ல் தன் பெயரிலேயே ஒரு கார் கொண்டுவந்தார். நான்கு சக்கரத்துக்கும் ஹைட்ராலிக் பிரேக். அந்த விலையில் அதுவரை யாரும் எதிர்பார்க்காத விஷயம். இன்னும் விற்பனைக்கு வராத கார் என்று சொல்லி, நியூயார்க் கண்காட்சியில் இடம் மறுத்தார்கள். பக்கத்திலிருந்த ஹோட்டல் லாபியில் நிறுத்திக் கூட்டம் சேர்த்துவிட்டார்! மறுவருடம் கிறைஸ்லர் கார்ப்பரேஷன் பிறந்தது. 1928-ல் டாட்ஜ் கம்பெனியையும் வாங்கினார். பிளிமத் காரும் அதே வருடம்தான் வந்தது.

1930-ல் நியூயார்க்கில் 1,046 அடி உயர கிறைஸ்லர் கட்டடம் எழுந்தது. கம்பெனிப் பணம் இல்லை, சொந்தப் பணம். அதன் 71-வது மாடியில், பார்வையாளர்கள் பார்ப்பதற்காக ஒரு பொருளைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தார்கள். ரயில்வே காலத்தில் அவர் பயன்படுத்திய டூல் பாக்ஸ்.

டெல்லா 1938-ல் காலமானார். கிறைஸ்லர் 1940 ஆகஸ்ட் 18 அன்று, 65 வயதில்.