நிறங் காட்டிய கிராம்

என்னிடம் நன்னூல் பயின்று, பின்னர் வைத்தியசாலை ஆய்வுகூடமொன்றிற் பணியேற்ற மாணாக்கர் ஒருவர், சில மாதங்களின் முன் என்னை நுணுக்குக்காட்டியின் முன் அமர்த்தினார். செந்நிறப் பின்னணியில் ஊதாப் புள்ளிகள் இரண்டிரண்டாய்ச் சேர்ந்து நின்றன. அவை நிமோனியாக் கிருமிகள் என்றும், கிராம் சாயமுறையாற் புலப்பட்டன என்றும் சொன்னார். கிராம் என்றால் நிறுத்தலளவை என்றே அதுகாறும் எண்ணியிருந்த யான், அஃது ஒருவரின் பெயர் என்றறிந்து சிறிது நாணினேன். அப்பெரியாரின் வரலாற்றைத் தேடிப் படித்தேன்.

ஹான்ஸ் கிறிஸ்டியன் கிராம் 1853ஆம் ஆண்டு டென்மார்க்கின் தலைநகராகிய கொப்பன்ஹேகனிற் பிறந்தவர். முதலில் தாவரவியலைப் பயின்று, பின் வைத்தியங் கற்று 1878இற் பட்டம் பெற்றார். 1883இற் பிறநாடு சென்றவர், பேர்லின் நகர வைத்தியசாலையிலே பிரேத பரிசோதனை நடத்திவந்த கார்ல் பிரீட்லாந்தருடன் சேர்ந்துழைத்தார்.

நிமோனியாவால் இறந்தோரின் சுவாசப்பையில் எக்கிருமி உளது என்பதே அங்கு எழுந்திருந்த வினா. விடை காண்பது எளிதன்று. அந்நோயிற் காற்றறைகள் சீழ்க்கலங்களால் நிறைந்து, சுவாசப்பை ஈரல்போல இறுகிவிடும். அதனை மெல்லிதாய்ச் சீவிச் சாயமிட்டாற் கலங்களின் கருக்களும் கிருமிகளும் ஒருங்கே நிறமேற்கும். எள்ளுக் குவியலிற் கருமணலைப் பொறுக்குவது போன்றதே அவ்வேலை.

கிராம் 1884இல் ஒரு வழி கண்டார். முதலில் ஏர்லிக் வகுத்த முறையில் ஊதாச் சாயமிட்டார். அடுத்து அயடீன் கரைசலில் இட்டார். ஈற்றில் மதுசாரத்திற் கழுவினார். கழுவவே இழையத்தின் நிறம் நீங்கி வெளிர்மஞ்சளாயிற்று. கிருமிகள் மாத்திரம் கருநீலமாய்த் தனித்து நின்றன. யான் கண்ட செந்நிறம் பின்வந்தோர் சேர்த்தது.

ஆயினும் எல்லாக் கிருமிகளும் நிறத்தைப் பற்றி நிற்கவில்லை. நெருப்புக்காய்ச்சற் கிருமி அதனை இழந்தது. தம் முறை குறைபாடுடையதென ஒப்புக்கொண்டே, பிறர் கையிலாயினும் பயன்படுக என்று கிராம் அதனை வெளியிட்டார். அவ்விழப்பே பின்னர் கிருமிகளை இரு பெருங்கூறாய்ப் பிரிக்குங் கருவியாயிற்று. தடித்த கலச்சுவருடையவை ஊதாவைக் காக்கும். மெல்லிய சுவருடையவை விட்டுவிடும்.

நிமோனியாவுக்குக் காரணமாகப் பிரீட்லாந்தர் ஒரு கிருமியைக் கூற, பிராங்கெல் என்பார் வேறொன்றைக் கூறிப் பிணங்கினார். உறை போர்த்த அவ்விரண்டும் பார்வைக்கு மயங்கத்தக்கவை. பிராங்கெலின் இரட்டைக் கிருமி நிறத்தை விடாது. பிரீட்லாந்தரின் கோற்கிருமி விட்டுவிடும். இரண்டும் நோய் விளைப்பனவே. எனினும் பெரும்பாலும் முன்னதே காரணமென 1886இல் வைக்செல்பௌம் காட்டினார். மூத்தவரின் கட்சியைத் தளர்த்த உதவிய சாயம், உடனுழைத்த இளையவரின் கையிலிருந்தே வந்தது. எம் பண்டிதர் உலகமாயின் இதற்காகப் பத்தாண்டு முகம் பாராதிருப்பர். பிரீட்லாந்தரோ அக்கட்டுரையைத் தாம் நடத்திய இதழிலேயே வெளியிட்டவர். நாற்பது நிறையுமுன், 1887இல், அவர் காலமானார்.

தாய்நாடு மீண்ட கிராம் 1891இல் மருந்தியற் பேராசிரியராகி, பின் வைத்தியப் பேராசிரியராய் 1923 வரை கற்பித்தார், 1938இல் மறைந்தார். ஊதாக் கிருமிகள் பலவற்றை வெல்லும் பெனிசிலின் நோயாளருக்குப் பரவலாய் வழங்கப்பட்டது அதன் பின்னரே. யான் கண்ட தகட்டுக்குரியவர் அவ்வின மருந்தினாற் குணமுற்று வீடு திரும்பினார் என மாணாக்கர் பிறகு தெரிவித்தார்.