கல்லைக் கொதிக்க வைத்தவர்



ஃபர்ஸ்ட் இயர் கெமிஸ்ட்ரி லேப் ஞாபகம் இருக்கா? ஆளுக்கொரு பாட்டிலில் வீட்டுத் தண்ணீரைக் கொண்டு வரச் சொல்லி, ஈடிடிஏ டைட்ரேஷன் செய்து கடினத்தன்மை கண்டுபிடிக்கச் சொன்னார்களே, அதேதான். நான் கொண்டுபோனது பழனிசெட்டிபட்டியில் எங்க வீட்டு போர் தண்ணி. ஊரை ஒட்டி முல்லைப் பெரியாறு ஓடுகிறது, ஆனால் எங்க வீட்டில் துணி துவைப்பது இந்த உப்புத் தண்ணியில்தான். சோப்பு எவ்வளவு போட்டாலும் நுரை வராது. வாளி ஓரத்தில் வெள்ளையாக ஒரு திட்டு படியும்.

அந்த டைட்ரேஷனை மூன்று தடவை செய்யணும். எனக்கு முதல் இரண்டு ரீடிங்கும் ஒத்துப்போச்சு, மூன்றாவது எங்கேயோ போயிடுச்சு. நான் என்ன பண்ணேன்னு நினைக்கிறீங்க? எல்லாரும் பண்றதைத்தான். மூன்றாவது ரீடிங்கையும் முதல் இரண்டு மாதிரியே எழுதி, ரெக்கார்டில் கையெழுத்து வாங்கிட்டேன்.

அதே பேப்பரின் முதல் யூனிட்டில் ஜியோலைட் முறை என்று ஒரு பாடம் வருமே, அதை மனப்பாடம் பண்ணும்போதுதான் இந்தப் பேர் எங்கிருந்து வந்தது என்று தேடினேன். தேடினதில் கிடைத்தவர்தான் இந்தக் கட்டுரையின் நாயகர், ஆக்சல் ஃபிரெட்ரிக் குரோன்ஸ்டெட். அவர் கதையைப் படித்த பிறகு அந்த மூன்றாவது ரீடிங் என்னை விடாமல் உறுத்துகிறது. ஏன் என்று கடைசியில் சொல்றேன்.

குரோன்ஸ்டெட் 1722 டிசம்பர் 23 அன்று சுவீடனில் பிறந்தார். அப்பா இராணுவப் பொறியாளர். கோட்டைகளைப் பார்வையிட அப்பா ஊர் ஊராகப் போனபோது மகனும் செயலாளராகக் கூடவே போனார். ஆனால் பையனுக்கு மனசு கோட்டையில் இல்லை, அது நிற்கிற பாறையில் இருந்தது. உப்சாலா பல்கலைக்கழகத்தில் வாலேரியஸிடம் கனிமங்களைப் பற்றிப் படித்தார். பிறகு கோபால்ட் உலோகத்தைக் கண்டுபிடித்த ஜார்ஜ் பிராண்டிடம் வேதியியல் கற்றார். படித்து முடித்ததும் சுவீடன் அரசின் சுரங்கத் துறையில் வேலை. இன்றைக்கு நம்ம பாஷையில் சொன்னால் சைட் இன்ஜினியர்.

அந்தக் காலத்தில் ஜெர்மன் சுரங்கத் தொழிலாளர்களுக்கு ஒரு தலைவலி இருந்தது. பார்க்கச் செம்புத் தாது மாதிரியே இருக்கும் ஒரு சிவந்த கல். உருக்கினால் ஒரு துளி செம்பு வராது. நிக்கல் என்ற குட்டிச்சாத்தான் செம்பைத் திருடிவிட்டது என்று சொல்லி, அந்தக் கல்லைச் சாத்தான் செம்பு என்றே கூப்பிட்டார்கள். சுவீடனின் லோஸ் கோபால்ட் சுரங்கத்தில் இருந்து அதே வகைத் தாது குரோன்ஸ்டெட் கைக்கு வந்தது. அமிலத்தில் கரைத்தார். கரைசல் பச்சையாக இருந்தது. செம்பு இருந்தால் அதில் இரும்பைப் போட்டதும் இரும்பின் மேல் செம்பு படியணும். படியவில்லை.

நம்மில் ஒருத்தராக இருந்தால் என்ன செய்திருப்போம்? கரைசலைக் கொட்டிவிட்டு, செம்பு வந்ததாகவே எழுதியிருப்போம். அவர் அப்படிச் செய்யவில்லை. அந்தப் பச்சைப் பொருளைக் கரியோடு சேர்த்துச் சூடாக்கினார். செம்புக்குப் பதிலாக வெள்ளையான, கடினமான ஓர் உலோகம் வந்தது. காந்தம் அதை இழுத்தது. 1751-ல் இதை அறிவித்தார், 1754-ல் அந்தச் சாத்தான் பேரையே சுருக்கி நிக்கல் என்று பேர் வைத்தார். உங்க வீட்டு எவர்சில்வர் டம்ளரில் இருக்கும் அதே நிக்கல்தான்.

உடனே எல்லாரும் கை தட்டினார்களா? இல்லை. அது புது உலோகமே இல்லை, கோபால்ட், இரும்பு, ஆர்செனிக், செம்பு எல்லாம் கலந்த கலவை என்று பல வேதியியலாளர்கள் மறுத்தார்கள். அவரும் தன் முடிவை மாற்றிக்கொள்ளவில்லை.

இப்போ நம்ம கல்லுக்கு வருவோம்.

குரோன்ஸ்டெட்டின் கையில் எப்போதும் இருந்த கருவி ஊதுகுழல். நகைக்கடை வீதியில் ஆசாரி விளக்குச் சுடரை வளைந்த குழாயால் ஊதி, தங்கத்தில் பற்றவைப்பதைப் பார்த்திருப்பீங்க. அதே கருவிதான். ஊதினால் சுடர் ஊசி மாதிரி கூர்மையாகி வெப்பம் ஏறும். கல்லின் ஒரு சிறு துண்டை அதில் காட்டி, அது உருகுதா, நிறம் மாறுதா, புகை வருதா என்று பார்த்தே அதில் என்ன இருக்கிறது என்று கணிக்கலாம். அவருக்கு முன்பே சிலர் இதைப் பயன்படுத்தியிருந்தார்கள். கனிமங்களை ஆராயும் ஒரு ஒழுங்கான முறையாக இதை வளர்த்தவர் குரோன்ஸ்டெட்.

சுவீடனின் வடகோடியில், லாப்லாந்துப் பகுதியில் இருக்கும் ஸ்வாப்பவாரா செம்புச் சுரங்கத்தில் இருந்து ஒரு கல்லும், ஐஸ்லாந்தில் இருந்து இன்னொரு கல்லும் அவரிடம் வந்தன. சுடரில் காட்டினார். கல் உப்பியது, உலையில் அரிசி கொதிக்கிற மாதிரி நுரைத்தது. அவருக்குத் தெரிந்த எந்தக் கல்லும் அப்படிச் செய்ததில்லை. 1756-ல் இதை எழுதி, கிரேக்க மொழியில் கொதிக்கும் கல் என்று பொருள்படும்படி ஜியோலைட் என்று பேர் சூட்டினார். அது ஸ்டில்பைட், ஸ்டெல்லரைட் வகையைச் சேர்ந்த கல் என்று பிற்காலத்தில் ஆராய்ந்தவர்கள் சொல்கிறார்கள். இதற்காக நாம் சுவீடன் போக வேண்டியதில்லை. புனே, நாசிக் பக்கம் தக்காணப் பாறைகளில் குவாரி வெட்டும்போது அழகழகான ஸ்டில்பைட் படிகங்கள் கிடைக்கின்றன.

அந்தக் கல்லால் அன்றைக்கு எந்தப் பயனும் இல்லை. அதில் செம்பும் இல்லை, வெள்ளியும் இல்லை. ஒரு சுரங்க அதிகாரி தூக்கி எறிய வேண்டிய கல் அது. அவர் தூக்கி எறியவில்லை, பார்த்ததைப் பார்த்தபடி எழுதி வைத்தார். அவ்ளோதான்.

1758-ல் கனிமங்களை வகைப்படுத்தி ஒரு புத்தகம் வெளியிட்டார். அதுவரை நிறம், வடிவம் என்று வெளித்தோற்றத்தை வைத்தே பெரும்பாலும் கற்களைப் பிரித்தார்கள். உள்ளே என்ன இருக்கிறது என்பதை வைத்துப் பிரிக்கணும் என்றது அந்தப் புத்தகம். அட்டையில் அவர் பேரே இல்லை. 1760-ல் கல்யாணம். 1765 ஆகஸ்ட் 19-ல் இறந்துவிட்டார். வயசு 42. நிக்கல் தனி உலோகம்தான் என்று பெர்க்மன் சுத்தமான மாதிரியை எடுத்து நிரூபித்தது 1775-ல், அதாவது அவர் போய்ச் சேர்ந்து பத்து வருஷம் கழித்து.

அந்தக் கல் ஏன் கொதித்தது? அதற்குப் பதில் கிடைக்க இன்னும் ரொம்ப நாளாச்சு. ஜியோலைட் என்பது சிலிக்கான், அலுமினியம், ஆக்சிஜன் மூன்றும் சேர்ந்து கட்டிய கூண்டு. உள்ளே ஒழுங்கான வழிகள், அந்த வழிகளில் தண்ணீர். சூடாக்கினால் தண்ணீர் வெளியேறும், கூண்டு அப்படியே நிற்கும். தண்ணீர் போய்த் திரும்ப வருவதை 1840-ல் டமோர் காட்டினார். கூண்டுக்குள் இருக்கும் அயனிகளை வேறு அயனிகளால் மாற்றலாம் என்று 1858-ல் ஐக்ஹார்ன் காட்டினார். 1949-ல் அமெரிக்காவின் யூனியன் கார்பைடில் ராபர்ட் மில்டன், ஜியோலைட் ஏ என்ற வகையைச் செயற்கையாகவே செய்தார். அதன் வாசல் சுமார் 4 ஆங்ஸ்ட்ராம். ஒரு மில்லிமீட்டரை 25 இலட்சம் பங்காகப் போட்டால் அதில் ஒரு பங்கு.

இங்கேதான் எங்க வீட்டு வாளி வருகிறது. நுரையைக் கெடுப்பது தண்ணீரில் இருக்கும் கால்சியமும் மக்னீசியமும். கூண்டில் சிலிக்கானுக்குப் பதில் அலுமினியம் உட்கார்ந்த இடத்தில் ஒரு எதிர் மின்னூட்டம் மிஞ்சும். அதைச் சரிக்கட்ட சோடியம் அயனி பக்கத்தில் நிற்கும். கால்சியம் வந்தால் இரண்டு சோடியம் வெளியே போகும், ஒரு கால்சியம் உள்ளே போகும். சலவைப் பொருள் கால்சியத்தோடு மல்லுக்கட்டாமல் அழுக்கைப் பார்க்கப் போகலாம். முன்பு இந்த வேலையைப் பாஸ்பேட் உப்புகள் செய்தன. அது சாக்கடை வழியே ஏரிக்குப் போய்ப் பாசியை வளர்த்து, மீனுக்கு ஆக்சிஜன் இல்லாமல் செய்தது. அதனால் 1970-களில் ஐரோப்பாவின் சலவைப் பொடிகளில் ஜியோலைட் ஏ இடம் பிடிக்கத் தொடங்கியது. நம்ம கடையில் கிடைக்கும் எல்லாப் பொடியிலும் அது இருக்காது. விலை குறைந்த பொடிகளில் சலவைச் சோடாதான் அதிகம். அடுத்த தடவை பாக்கெட்டைத் திருப்பிப் படிச்சுப் பாருங்க.

துணி கிடக்கட்டும். 2021 மே மாதத்தை நினைச்சுப் பாருங்க. நாம் பள்ளிப் பாடத்தைப் போனில் பார்த்துக்கொண்டிருந்தோம், ஊரே ஆக்சிஜனைத் தேடிக்கொண்டிருந்தது. எங்க தெருவில் ஒரு தாத்தாவுக்கு எங்கிருந்தோ ஒரு கான்சென்ட்ரேட்டர் வாடகைக்குக் கிடைத்தது. ராத்திரி முழுக்க உஸ், டக் என்று அதன் சத்தம் எங்க மாடிவரை கேட்கும்.

அந்த டக் சத்தம் என்ன தெரியுமா? உள்ளே இரண்டு குழாய்கள், இரண்டிலும் ஜியோலைட் மணிகள். காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன், 21 சதவீதம் ஆக்சிஜன். அழுத்தம் கொடுத்துக் காற்றை ஒரு குழாய்க்குள் அனுப்பினால், கூண்டில் இருக்கும் அயனிகள் நைட்ரஜனை ஆக்சிஜனைவிட இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். ஆக்சிஜன் வெளியே வரும். குழாய் நிரம்பியதும் வால்வு மாறும். அடுத்த குழாய் வேலைக்குப் போகும். முதல் குழாய் அழுத்தத்தை இறக்கி, பிடித்து வைத்த நைட்ரஜனை வெளியே தள்ளும். சில விநாடிக்கு ஒரு தடவை இது மாறி மாறி நடக்கும். வெளியே வருவதில் 90 சதவீதத்துக்கு மேல் ஆக்சிஜன். அந்த வருஷம் அரசு மருத்துவமனைகளில் நிறுவிய பிஎஸ்ஏ நிலையங்களும் இதே தத்துவம்தான். அவற்றுக்காக ரோம் நகரிலிருந்து பெங்களூருக்கு ஏர் இந்தியா விமானத்தில் டன் கணக்கில் ஜியோலைட் வந்து இறங்கியது.

எங்க தெருத் தாத்தா பிழைத்தார். இன்னைக்கும் காலையில் திண்ணையில் உட்கார்ந்து பேப்பர் படிக்கிறார். குரோன்ஸ்டெட் என்ற பேரை அவர் கேள்விப்பட்டிருக்க வாய்ப்பில்லை. குரோன்ஸ்டெட்டும் தன் கல் ஒருநாள் காற்றைப் பிரிக்கும் என்று கனவில்கூட நினைத்திருக்க மாட்டார். 1756-ல் சுடரில் நுரைத்த கல்லுக்கும் 2021-ல் எங்க தெருவில் கேட்ட சத்தத்துக்கும் இடையில் 265 வருஷம் ஓடியிருக்கிறது. நடுவில் எத்தனையோ பேர் உழைத்திருக்கிறார்கள். ஆனால் முதல் வரியை எழுதியவர், எதிர்பார்த்தது வராதபோது வந்ததை எழுதினவர்.

இப்போ அந்த மூன்றாவது ரீடிங். அது பெரும்பாலும் என் தப்பாகத்தான் இருக்கும். பியூரெட்டைச் சரியாகக் கழுவியிருக்க மாட்டேன், இல்லையென்றால் நிறம் மாறின இடத்தைத் தாண்டியிருப்பேன். ஒருவேளை வேறு ஏதாவதாகவும் இருந்திருக்கலாம். அதைக் கண்டுபிடிக்க இப்போ வழியே இல்லை, ஏன்னா நான் அதை எழுதி வைக்கவில்லை.

இந்த செமஸ்டரும் உங்களுக்கு லேப் இருக்கும். ஒத்துப்போகாத ரீடிங் வந்தால், அதையும் ஓரமாகவாவது தேதி போட்டு எழுதி வைங்க. கையெழுத்து கிடைக்கலைன்னா இன்னொரு தடவை செஞ்சு பாருங்க. அரை மணி நேரம் போகும், வேற ஒண்ணும் போகாது.