ஆறாவது வாசிப்பு

கடந்த தவணை பௌதிகவியல் செய்முறையில் ஒரு குவிவு வில்லையின் குவியத் தூரத்தைக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. ஊசிகளை நகர்த்தி நகர்த்தி ஆறு வாசிப்புகள் எடுத்தேன். ஐந்து வாசிப்புகள் வரைபில் ஒரே கோட்டில் விழுந்தன. ஆறாவது மட்டும் தள்ளி நின்றது. யாரும் பார்க்காத நேரத்தில் அதை அழித்துவிட்டு, கோட்டுக்குப் பொருந்தும் ஓர் எண்ணை எழுதினேன். கொப்பிக்கு நல்ல புள்ளி கிடைத்தது.

அதே வாரம்தான் இந்தச் சஞ்சிகைக்காக இப்னுல் ஹைதமைப் பற்றி வாசிக்கத் தொடங்கினேன். வாசிக்க வாசிக்க அந்த எண் என் மனதை உறுத்தியது.

அபூ அலீ அல்-ஹஸன் இப்னுல் ஹைதம் கி.பி. 965 அளவில் ஈராக்கின் பஸரா நகரில் பிறந்தவர். நைல் நதியின் வெள்ளத்தையும் வறட்சியையும் கட்டுப்படுத்த வழியுண்டு என்று அவர் கூறியதைக் கேள்விப்பட்டு, பாத்திமிய கலீபா அல்-ஹாகிம் அவரை எகிப்துக்கு அழைத்ததாக வரலாற்றாசிரியர் இப்னுல் கிப்தி எழுதுகிறார். ஆற்றோரமாக அஸ்வான் வரை போனார். வழியெங்கும் பழைய எகிப்தியரின் கட்டடங்களைக் கண்டார். இவ்வளவு நுட்பமாகக் கட்டத் தெரிந்தவர்கள் செய்யாமல் விட்டதைத் தன்னாலும் செய்ய முடியாது என்று உணர்ந்தார். திரும்பி வந்து, தன் கணிப்புப் பிழை என்று கலீபாவிடமே ஒப்புக்கொண்டார். பின்னர் கலீபாவின் கோபத்துக்கு அஞ்சிப் பைத்தியம் போல நடித்து, 1021இல் கலீபா மறையும் வரை வீட்டுக்குள் அடைபட்டிருந்தாராம். இந்தக் கதையைச் சொல்பவர்கள் பைத்திய நடிப்பைத்தான் ரசித்துச் சொல்வார்கள். என்னை நிறுத்தியதோ அஸ்வானிலிருந்து கெய்ரோவுக்கு அவர் திரும்பிய அந்த வழி. உயிருக்கே பயம் இருக்கும்போது, கைக்கு வந்த உண்மையை மாற்றாமல் கொண்டு போயிருக்கிறார். எனக்குப் பயம் இருந்ததோ இரண்டு புள்ளிக்கு.

விடுதலைக்குப் பின் அல்-அஸ்ஹர் பள்ளிவாசலுக்கு அருகில் வாழ்ந்தார். யூக்ளிட், தொலமி ஆகியோரின் நூல்களை அழகாகப் பிரதி செய்து விற்றே சீவித்தார் என்கிறார்கள். அந்த இருவரையும் எழுத்தெழுத்தாக அறிந்தவர்தான் அவர்களை மறுத்தார். கண்ணிலிருந்து கதிர்கள் புறப்பட்டுப் பொருளைத் தொடுவதால்தான் பார்க்கிறோம் என்பது அவர்களின் கொள்கை. அப்படியானால் சூரியனைப் பார்த்தால் கண் ஏன் வலிக்க வேண்டும் என்று இப்னுல் ஹைதம் யோசித்தார். ஒளிதான் கண்ணுக்குள் வருகிறது என்று ஏழு பாகங்கள் கொண்ட கிதாபுல் மனாழிர் என்ற நூலில் நிறுவினார்.

நிறுவிய விதம்தான் முக்கியம். இருட்டறையின் துவாரத்துக்கு முன்னால் பல விளக்குகளை வைத்தார். உள்ளே சுவரில் விளக்குக்கு ஒன்றாக ஒளிப்பொட்டுகள் விழுந்தன. ஒரு விளக்கை மறைத்தால் அதற்குரிய பொட்டு மட்டும் மறைந்தது; திறந்தால் திரும்பி வந்தது. சோதித்துப் பார்ப்பதை அவர் இஃதிபார் என்றார். கருவியை எப்படிச் செய்வது, எங்கே வைப்பது, எங்கிருந்து பார்ப்பது என்றெல்லாம் எழுதி வைத்தார். வாசிப்பவர் தன்னை நம்பிவிடாமல் தானே செய்து பார்க்கட்டும் என்பது போல.

நான் செய்து பார்த்தேன். இரண்டு கண்களாலும் பார்ப்பதைச் சோதிக்க அவர் சொல்லும் பலகை ஒரு முழ நீளம், நான்கு விரல் அகலம். ஒரு முனையில் மூக்குக்கு ஒரு வெட்டு. நான் பழைய பெட்டி மட்டையில் வெட்டினேன். நீளவாட்டில் நடுவே ஒரு கோடு கீறி, அதன் மத்தியில் மெழுகுத் துண்டொன்றை நட்டு, மூக்கை வெட்டில் பொருத்தி மெழுகையே உற்றுப் பார்த்தேன். ஒரு கோடு இரண்டாகி மெழுகில் குறுக்காக வெட்டிக்கொண்டது. ஒரு கண்ணை மூடினேன், மீண்டும் ஒரே கோடு. தங்கச்சியிடம் எதையும் சொல்லாமல் மட்டையைக் கொடுத்தேன். அவளும் இரண்டு கோடுகள் என்றாள். உம்மாவும் அடுப்படியிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்து பார்த்து அதையே சொன்னார். கிட்டத்தட்ட ஆயிரம் வருடங்களுக்கு முன் அவர் எழுதியதும் அதுதான்.

அவரும் பிழைவிட்டார். ஒளிக்கதிர்கள் கண்ணுக்குள் ஒன்றையொன்று வெட்டினால் பிம்பம் தலைகீழாகிவிடுமே என்று தயங்கி, வில்லையின் முன்பக்கத்திலேயே பார்வை உணரப்படுவதாகக் கொண்டார். நாம் நிமிர்ந்த உலகத்தையல்லவா பார்க்கிறோம்! அவருடைய நூல் லத்தீனுக்குப் போய், 1572இல் பாசல் நகரில் அச்சாகியது. 1604இல் கெப்ளர், பிம்பம் விழித்திரையில் தலைகீழாகவே விழுகிறது என்று காட்டினார். ஒவ்வொரு படியும் எழுதப்பட்டிருந்ததால், எந்தப் படியில் வழி தவறியது என்று பின்வந்தவர்களால் பார்க்க முடிந்தது. லத்தீன் மொழிபெயர்ப்பில் முதற் பாகத்தின் முதல் மூன்று அத்தியாயங்கள் இல்லை. தன் ஆய்வு முறையை அவர் விளக்குவது அங்கேதான் என்பது எனக்குக் கொஞ்சம் கவலை.

அவர் 1040 அளவில் கெய்ரோவில் வபாத்தானார்.

நேற்று செய்முறைக் கொப்பியை எடுத்துப் பார்த்தேன். அழிறப்பர் தேய்த்த இடத்தில் கடதாசி மெலிந்திருக்கிறது. வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தும் பழைய எண் தெரியவில்லை. நான் ஊசியைத் தவறாகப் பார்த்தேனா, அல்லது அந்த வில்லையில் ஏதேனும் இருந்ததா என்று இனி என்னாலும் சொல்ல முடியாது.