பெட்ரோல் குழாயில் ஒரு தகடு: பொறியாளர் பியட்ரிஸ் ஷில்லிங்கின் கதை

கார்புரேட்டரைப் பற்றிப் பட்டறை நண்பர்களுக்குப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. தொடக்க கால புரோட்டோன் சாகாவில் இருந்தது அதுதான். தோட்டத்துப் பிள்ளைகள் ஓட்டிப் பழகிய ஹோண்டா சி70 கப்சாயில் இருந்ததும் அதுதான். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டனின் போர் விமானங்களும் கார்புரேட்டரை நம்பியே பறந்தன. அதிலிருந்த ஓர் ஆபத்தான குறையை, நடுவில் துளையிட்ட ஒரு சின்னஞ்சிறு தகட்டைக் கொண்டு அடக்கியவர் பியட்ரிஸ் ஷில்லிங்.

1909ஆம் ஆண்டு மார்ச் 8ஆம் தேதி இங்கிலாந்தின் ஹாம்ப்ஷியர் மாவட்டத்திலுள்ள வாட்டர்லூவில் என்ற ஊரில் பிறந்தார். அப்பா இறைச்சிக் கடைக்காரர். பதினான்கு வயதில் சொந்தமாக ஒரு மோட்டார் சைக்கிளை வாங்கி, அதைப் பிரித்து மாட்டிக் கற்றுக்கொண்ட பெண் அவர். பள்ளி முடிந்ததும் மார்கரெட் பார்ட்ரிட்ஜ் என்ற மின்பொறியாளரிடம் வேலைக்குச் சேர்ந்து, கிராமப்புறங்களுக்கு மின்சாரம் கொண்டு செல்லும் பணியில் கை பழகினார். பல்கலைக்கழகம் போய்ப் படி என்று ஊக்கப்படுத்தியவரும் இந்த முதலாளியம்மாதான். 1929இல் மென்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, 1932இல் மின்பொறியியல் பட்டமும் அடுத்த ஆண்டில் இயந்திரப் பொறியியலில் முதுகலையும் பெற்றார்.

உலகமே பொருளாதார மந்தத்தில் கிடந்த நேரம் அது. பட்டம் பெற்ற ஆண்களுக்கே வேலை இல்லை. ஆராய்ச்சி உதவியாளராகக் காலம் தள்ளிய பியட்ரிஸ், ஓய்வு நாள்களில் புரூக்லேண்ட்ஸ் பந்தயத் திடலில் தம் 500 சிசி நோர்ட்டன் மோட்டார் சைக்கிளை ஓட்டினார். எஞ்சினைத் திருத்தி வேகம் கூட்டுவது அவரே. மணிக்கு 100 மைலுக்கு மேல் ஒரு சுற்றை முடிப்பவருக்கு அங்கே தங்க நட்சத்திரம் தருவார்கள். 1934இல் அவர் அதை வாங்கினார். தமக்கு நிச்சயிக்கப்பட்ட ஜோர்ஜ் நேய்லரும் அந்த நட்சத்திரத்தை வென்ற பிறகுதான் கழுத்தை நீட்டுவேன் என்று சொன்னதாக ஒரு கதை உண்டு. கதை உண்மையோ பொய்யோ, 1938இல் திருமணம் நடந்தது.

அதற்கு முன்பே, 1936இல், ஃபார்ன்பரோவிலிருந்த அரசாங்க விமான ஆய்வு நிலையத்தில் வேலை கிடைத்திருந்தது. கையேடுகள் எழுதும் வேலையில் தொடங்கி, விரைவில் கார்புரேட்டர் பிரிவுக்கு வந்து சேர்ந்தார். அங்கேதான் அவர் பெயர் வரலாற்றில் ஏறியது.

ஸ்பிட்ஃபயர், ஹரிகேன் ஆகிய இரு போர் விமானங்களுக்கும் ரோல்ஸ் ரோய்ஸ் நிறுவனத்தின் மெர்லின் எஞ்சின்தான். 1942 ஜனவரியில் சிங்கப்பூரைக் காக்க அனுப்பப்பட்ட ஹரிகேன்களிலும் அதே எஞ்சின். எதிரியான ஜெர்மானியரின் மெஸ்ஸர்ஷ்மிட் 109 விமானத்திலோ கார்புரேட்டர் கிடையாது. பெட்ரோல் நேரடியாகச் சிலிண்டருக்குள் பீய்ச்சப்பட்டது. பிரிட்டிஷ் பொறியாளர்களுக்கு அந்த முறை தெரியாமல் இல்லை. தெரிந்தேதான் கார்புரேட்டரை வைத்திருந்தார்கள்.

காரணம் குளிர்ச்சி. கையில் பெட்ரோல் பட்டால் சில்லென்று இருக்கும். ஆவியாகும்போது அது சுற்றியுள்ள வெப்பத்தை இழுத்துக்கொள்கிறது. மெர்லினில் காற்று, கார்புரேட்டரில் பெட்ரோலோடு கலந்த பிறகே அதை அழுத்தி அனுப்பும் சூப்பர்சார்ஜருக்குள் போனது. பெட்ரோல் ஆவியாவதால் அந்தக் கலவையின் வெப்பம் ஏறக்குறைய 25 பாகை செல்சியஸ் குறைந்தது. குளிர்ந்த காற்றுக்கு அடர்த்தி அதிகம். அதே சிலிண்டரில் கூடுதல் காற்று அடையும், கூடுதல் பெட்ரோல் எரியும், கூடுதல் சக்தி கிடைக்கும். இன்று பழைய காரின் போனட்டுக்குள் எஞ்சின் சூட்டைத் தடுக்கும் தகடு வைத்து, முன்பக்கத்திலிருந்து குழாய் வழியே வெளிக்காற்றைக் கார்புரேட்டருக்குக் கொண்டுவரும் இளைஞர்கள் தேடுவதும் இதைத்தான். 60 பாகைக் காற்றுக்குப் பதில் 30 பாகைக் காற்று போனால் அடர்த்தி ஏறக்குறைய பத்து விழுக்காடு கூடும். (குழாயின் வாயைத் தாழ்வாக வைத்துவிட்டு வெள்ளத்தில் இறங்கினால் எஞ்சின் தண்ணீரைக் குடித்துவிடும் என்பது வேறு விஷயம்.)

அந்தச் சக்திக்கு விலை இருந்தது. கார்புரேட்டரில் ஒரு சிறு கிண்ணமும், அதில் மிதக்கும் மிதவையும் உண்டு. கிண்ணம் நிறைந்தால் மிதவை மேலே எழும்பிப் பெட்ரோலை அடைக்கும். சாலையில் ஓடும் வண்டிக்கு இது போதும். எதிரி விமானம் சட்டென்று மூக்கைக் கவிழ்த்துப் பாயும்போது, பின்தொடரும் விமானியும் கவிழ்ப்பார். அந்தக் கணத்தில் புவியீர்ப்பு தலைகீழானதுபோல் ஆகிவிடும். பெட்ரோல் கிண்ணத்தின் மேல்பக்கம் ஒட்டிக்கொள்ள, எஞ்சின் முதலில் பெட்ரோல் இல்லாமல் விக்கும். அடுத்து, மிதவை எதிர்ப்பக்கம் போய் அடைப்பு முழுவதும் திறந்துகொள்ள, பெட்ரோல் வெள்ளமாகப் புகுந்து எஞ்சினைத் திணறடிக்கும். கரும்புகை கக்கி எஞ்சின் அணையும். அதற்குள் எதிரி தப்பியிருப்பான். அல்லது பின்னால் வந்திருப்பான். இதைத் தவிர்க்க விமானிகள் விமானத்தைப் புரட்டிவிட்டுப் பாய்ந்தார்கள். புரட்டும் அந்த நொடிகள் உயிருக்கு விலை பேசும் நொடிகள்.

புதிய கார்புரேட்டர் செய்ய மாதங்கள், ஆண்டுகள் ஆகும். பியட்ரிஸ் கேட்டது வேறு கேள்வி. எஞ்சின் முழுச் சக்தியில் ஓடினாலும் அதற்கு வேண்டிய பெட்ரோலுக்கு ஓர் அளவு உண்டு. அந்த அளவுக்கு மேல் ஏன் விட வேண்டும்? கணக்குப் போட்டு, அந்த அளவு மட்டுமே போகக்கூடிய துளையோடு ஒரு தகட்டைச் செய்து பெட்ரோல் குழாயில் பொருத்தினார். மிதவை எப்படிப் புரண்டாலும் வெள்ளம் வராது. முதல் விக்கல் நீங்கவில்லை, தலைகீழாகத் தொடர்ந்து பறக்கவும் முடியாது. ஆனால் எஞ்சினை அணைத்த இரண்டாவது கோளாறு அடங்கியது. விமானத்தைப் பணியிலிருந்து விலக்காமலேயே அதைப் பொருத்த முடிந்ததுதான் பெரிய விஷயம். சிறு குழுவோடு விமானத் தளம் தளமாகச் சென்று பொருத்தினார். அவர் போனது அந்தப் பழைய நோர்ட்டனில். 1941 மார்ச் மாதத்திற்குள் போர் விமானப் பிரிவு முழுவதும் தகடு ஏறிவிட்டது. விமானிகள் அதற்கு அவர் பெயரையே வைத்துக் கொஞ்சம் குறும்பாக அழைத்தார்கள்.

1940இல் நடந்த பிரிட்டன் வான்போரை இந்தத் தகடுதான் வென்று கொடுத்தது என்று சிலர் எழுதுவதுண்டு. அது மிகை. தகடு பரவலாக வந்தது அந்தப் போர் முடிந்த பிறகு. அதனால் அவர் செய்த வேலையின் மதிப்புக் குறைந்துவிடாது. 1943இல் புது வகைக் கார்புரேட்டர் வரும்வரை, ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள், அந்தத் தகட்டை நம்பித்தான் விமானிகள் பாய்ந்தார்கள்.

போருக்குப் பின் ஓபிஇ விருது கிடைத்தது. ஈரமான ஓடுபாதையில் விமானம் பிரேக் பிடிப்பது, ஏவுகணை என்று ஆய்வுகள் தொடர்ந்தன. 1969 வரை அதே நிலையத்தில் பணியாற்றினார். ஓய்வு நேரத்தில் கணவரும் மனைவியுமாகக் கார்களைத் திருத்திப் பந்தயம் ஓட்டினார்கள். 1967இல், அமெரிக்கப் பந்தய வீரர் டேன் கர்னியின் ஈகிள் ஃபார்முலா ஒன் கார் அளவுக்கு மீறிச் சூடாகியபோது, அதைப் பார்க்க அழைக்கப்பட்டவர்களில் ஒருவர் அப்போது 58 வயதான பியட்ரிஸ். 1990 நவம்பர் 18ஆம் தேதி, தமது 81ஆவது வயதில் காலமானார்.